பூஜையில் வைத்த சாவி

தீயணைப்புச் சிலிண்டரின் கழுத்தில் ஈரத் துண்டைக் காயப்போடுகிறவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பவர்களையும், அதன் மேல் காலண்டர் மாட்டுகிறவர்களையும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று செருப்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் அடுக்குமாடிக் கமிட்டிக்காரர்களையும்கூட ஒரு பெருமூச்சோடு கடந்துவிடுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் கடந்துவிடுவீர்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட வேண்டியிருக்கும்.

நான் ஓய்வு பெற்றுச் சிம்பாங் ரெங்கத்தில் வீட்டோடு இருப்பவள். கடைசி வரை நான் செய்ததும் உங்கள் வேலைதான். மூவாரிலிருந்து காஹாங் வரைக்கும் தொழிற்சாலை, கடை, குடியிருப்பு என்று ஏறி இறங்கி, தீயணைப்புச் சாமான்களை விற்று, அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா, அவசர வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கம்பெனியில் கேட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அவ்வளவாக இல்லை. முருகையாவின் கதை இருக்கிறது, அதை எழுதித் தருகிறேன்.

முதலில் ஒன்று. அலட்சியக்காரர்களைக் கண்டு பயப்படாதீர்கள். அவர்களைத் திட்டலாம், அவர்கள் தலையைச் சொறிவார்கள், வேலை நடக்கும். பொறுப்பானவர் என்று ஊரே மெச்சும் ஆள் இருக்கிறாரே, அவரைக் கண்டுதான் எனக்குப் பயம். அவரைத் திட்டவும் முடியாது. எதைச் சொன்னாலும் 'அதெல்லாம் பாத்துட்டேங்க்கா' என்று சிரிப்பார்.

முருகையா அந்த ரகம். மூவாருக்கு வெளியே சோபா செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். குடிக்க மாட்டார், லேட்டாக வர மாட்டார், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை. பட்டறை வாசலில் ஒரு பெரிய போர்டு இருந்தது. 'பாதுகாப்பு அனைவரின் பொறுப்பு' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தீப்பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று போட்டு முருகையாவின் படம். தலையில் வெள்ளை ஹெல்மெட், முகத்தில் மாப்பிள்ளைச் சிரிப்பு. சிலிண்டர்களைத் தன் கையாலேயே துடைப்பார். அவர் துடைத்து வைத்த சிலிண்டரில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம். அதனால் அவருக்கு என் மேல் ஒரு வருத்தம். மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாம் அவரைப் பாராட்டும்போது நான் மட்டும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

குறை சொல்லாமல் என்ன செய்ய? பட்டறையின் பின்பக்கம் இரண்டு மாடிக் கட்டடம். கீழே சோபாவுக்குள் வைக்கும் பஞ்சு மெத்தைகளைக் கூரை முட்ட அடுக்கிய ஸ்டோர். அதற்கு நேர் மேலே, அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்கும் கொங்சி. பலர் சேர்ந்து குடியிருக்கும் இடத்தை இங்கே மலாய் நாட்டில் கொங்சி என்போம். மேலே போக இரண்டு படி உண்டு. ஒன்று ஸ்டோர் வழியாக, முருகையாவின் கண்ணில் படாமல் போக முடியாதபடி, உள்ளே ஏறுவது. இன்னொன்று கட்டடத்துக்கு வெளியே இரும்புப் படி. அந்த இரும்புப் படியின் தலைமாட்டில் கம்பிக் கிரில். கிரில்லில் பூட்டு. வேலை தொடங்கும்போது முருகையா வெளியிலிருந்து பூட்டுவார், வேலை முடிந்ததும் திறப்பார். போன் திருடு போகிறதாம், வேலை நேரத்தில் பெண்கள் மேலே போய்ப் படுத்துக்கொள்கிறார்களாம், அப்புறம் பெண்களுக்குப் பாதுகாப்பாம்.

"உள்ள ஆள் இருக்கறப்ப பூட்டாதீங்க முருகையா," என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"ஆள் எங்கக்கா இருக்காங்க? எல்லாம் கீழ வேலையில. அப்படியே இருந்தாலும் உள் படி இருக்கில்ல? சாவி எங்கிட்டதான். நான் எங்க போகப் போறேன்?"

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் தமிழர்தான், சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவர், நல்ல மனிதர் என்று பெயர். நல்ல மனிதர்களுக்கே உரிய வழக்கப்படி, "முருகையாகிட்ட பேசுங்க மேடம், அவருதான் அந்த டிபார்ட்மெண்ட்" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இனி அந்த ஆயுத பூஜை நாளுக்கு வருகிறேன்.

பூஜைக்குச் சாப்பிட வரச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருந்தார். நான் வேதக்காரி. ஆனாலும் பூஜைச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருக்கிற அளவுக்கு மூடத்தனம் எனக்குக் கிடையாது. வேலை வழியில் அந்தப் பக்கம் வேறு போக வேண்டியிருந்தது. காலையிலேயே பூட்ஸும் யூனிஃபார்முமாகப் போய் இறங்கினேன். பட்டறை ஜோராக இருந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. லாரிக்கு வாழைக்கன்று. நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்தேன். சிலிண்டர் மாட்டும் கொக்கிகள் எல்லாம் காலியாக இருந்தன.

"முருகையா, சிலிண்டர்லாம் எங்க?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "வாங்கக்கா, காட்டறேன்."

முன்பக்கம் ஆபீசை ஒட்டிச் சாமி மேடை. தரையில் பெரிய வாழையிலை விரித்து, ஆணி அடிக்கும் துப்பாக்கி, கத்திரி, டேப், ரம்பம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்க உயரமான பையன்களைப் பின்வரிசையில் நிறுத்துவதுபோல, பட்டறையின் சிலிண்டர்கள் அத்தனையும் நின்றன. ஒவ்வொன்றுக்கும் பொட்டு, மாலை. கைப்பிடியையும் அதில் செருகிய பாதுகாப்புப் பின்னையும் சேர்த்து மஞ்சள் நூலால் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. பின்னைப் பிடுங்கினால்தான் சிலிண்டர் வேலை செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முருகையாவுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தவளே நான்தான்.

"வருஷம் பூரா நம்மள காப்பாத்துதுல்ல அக்கா. அதுக்கும் ஒரு நாள் மரியாத வேணாமா?"

"இப்ப எல்லாத்தையும் அது அது இடத்துல மாட்டுங்க."

"அலமாக், அது எப்படிக்கா? பூஜையில வச்சாச்சு. நாளைக்கு மறுபூஜ போடற வரைக்கும் ஆயுதத்தைத் தொடக் கூடாது. உங்க வேதத்துல இதெல்லாம் இல்ல, அதான் உங்களுக்குத் தெரியல."

என் வேதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது வைக்கோலைக் குவித்து, அதற்குள் சீரியல் பல்புகளைச் சுருட்டி வைத்து, இருக்கிற ஒரே சிலிண்டரையும் மறைக்க அதன் முன் ஒட்டகத்தை நிறுத்துவார்கள். கேட்டால், குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் சிவப்பு சிலிண்டர் எதற்கு என்பார்கள். ஆகவே இது மதச் சண்டை இல்லை. எந்தச் சாமியும் சிலிண்டர் கேட்கவில்லை. கேட்டதாக நாமே சொல்லிக்கொள்கிறோம்.

முதலாளியிடம் போய்ச் சத்தம் போடலாம் என்று திரும்பினேன். அதற்குள் நீர்ப்பூசணி உடைக்க எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முருகையா அதற்கு முன்னால், பட்டறையின் ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் கற்பூரம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். எதையும் விட்டுவிடக் கூடாதே, பொறுப்பானவர் ஆயிற்றே. பஞ்சு ஸ்டோர் வாசலிலும் ஒரு அட்டைத் துண்டின் மேல் எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு கட்டிக் கற்பூரம். அருகில் பசை டின். ஏற்றிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கற்பூரம் தானாக அணையும் என்று அவர் நினைத்தது சரிதான். அது அணைவதற்கு முன்பு வேறு ஒன்றைப் பற்றவைக்கும் என்பதைத்தான் நினைக்கவில்லை.

பூசணி உடைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ராணி கத்தினாள். ராணி துணி தைக்கும் பெண், மேலே கொங்சியில் இருப்பவள்.

"பின்னால பொக! குமாரி மேல இருக்கா!"

குமாரி காஹாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ராணியின் அறைத் தோழி. முந்தின நாளிலிருந்து காய்ச்சல், டாக்டர் விடுப்புக்கு எம்சி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது முருகையாவுக்கும் தெரியும். அன்று காலையும் பூட்டினாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சோபாப் பஞ்சு எரிவதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காமலே ஓய்வு பெறுங்கள். நாங்கள் பட்டறை நடுவுக்கு ஓடி வருவதற்குள் ஸ்டோர் வாசலிலிருந்து கன்னங்கரேல் என்று புகை உருண்டு வந்தது. உள் படி போய்விட்டது. மிச்சம் இருப்பது இரும்புப் படியும் கிரில்லும்தான்.

"சாவி," என்றேன்.

முருகையா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, சாமி மேடைப் பக்கம் பார்த்தார். சாவிக்கொத்தும் ஆயுதம்தானே. அதையும் பூஜையில் வைத்திருந்தார்.

மேடைக்கு ஓடினோம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு முன்னால் சிலிண்டர்களும் இருந்தன, சாவியும் இருந்தது. எல்லோருடைய கையும் சிலிண்டரைத்தான் தேடும், நம் தொழில்காரர்களின் கை இன்னும் வேகமாகத் தேடும், அதுதானே நாம் விற்ற பொருள். ஆனால் அந்தத் தீ சிலிண்டருக்கு அடங்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பட்டறைச் சிலிண்டர் எல்லாவற்றையும் கொண்டுபோய் அடித்தாலும் புகையில் வெள்ளைப் பொடி கலக்கும், அவ்வளவுதான். மேலே ஒரு பெண் பூட்டிய கம்பிக்குப் பின்னால் இருக்கிறாள். எனக்கு வேண்டியது சாவி. நான் இலையில் கால் வைத்து ஏறினேன்.

"அக்கா, செருப்பு," என்றார் முருகையா.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என் கோபத்தைக் கிளறியிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக இதுவரை எதுவும் வரவில்லை. கட்டடம் எரிகிறது, ஆள் உள்ளே இருக்கிறாள், இந்த மனிதருக்கு என் பூட்ஸ் கண்ணில் படுகிறது. அவர் கெட்டவரில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். முருகையாவும் அதற்குள் உணர்வு வந்து ஒரு சிலிண்டரைத் தூக்கியிருந்தார். தூக்கியவர் ஓடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னைச் சுற்றிய மஞ்சள் நூலின் முடிச்சை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார். கத்திரி கைக்கெட்டும் தூரத்தில் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தது.

"அறு அதை," என்றேன். மரியாதை எல்லாம் அப்போது வரவில்லை.

"அறுக்கக் கூடாதுக்கா," என்றார், அழுகிற குரலில்.

நானும் ராணியும் வெளியே சுற்றி ஓடி இரும்புப் படியில் ஏறினோம். படி சுட்டது. கிரில்லுக்குப் பின்னால் புகை. அதற்குள் கம்பியைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது. குமாரி கிரில்லின் அடியில் தரையோடு தரையாகப் படுத்து, ஈரத் துணியை மூக்கில் வைத்திருந்தாள். கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

சாவிக்கொத்தில் எது அந்தப் பூட்டுக்கு உரியது என்று ராணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முருகையா அடையாளத்துக்குக் கலர் டேப் ஒட்டியிருந்தார், ஒழுங்கானவர் அல்லவா. அந்தக் கலரெல்லாம் சந்தனத்துக்குள் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் போட்டேன். நுழைய வேண்டிய சாவியும் நுழையவில்லை, பல்லில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அதை என் பேண்ட்டில் தேய்த்தேன், பல்லால் சுரண்டினேன். ராணி கிரில்லுக்குள் கையை விட்டுக் குமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தோ வந்துடுச்சு, தோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை தட்டுவதை நிறுத்தியதும் ராணியும் சொல்வதை நிறுத்தினாள். நான் ஜெபிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொன்னேன். பூட்டு திறந்தது. இரண்டு பேருமாக அவளை இழுத்துப் படி வழியாகக் கீழே கொண்டுவந்து புல்லில் போட்டோம். இருமினாள். ஒருத்தி இருமியதைக் கேட்டு நான் அழுதது அன்றைக்குத்தான்.

போம்பா வந்து தீயை அணைத்தார்கள். பின் கட்டடம் கரியாகி நின்றது. முன்னால் முருகையா ஒருவழியாகப் பின்னைப் பிடுங்கியிருந்தார். தூரத்திலிருந்தே அடித்ததில் பொடி முழுவதும் காற்றில் திரும்பிச் சுண்டல் அண்டாவின் மேல் படிந்திருந்தது. போம்பா அதிகாரி ஒரு மலாய்க்காரர். பொறுப்பு யார் என்று மலாயில் கேட்டார். முருகையா போர்டில் தன் சிரித்த படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, "எல்லாரும்தான் துவான்" என்றார். அதிகாரி படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

தம்பி தங்கைகளே, இங்கேயே கதை முடிந்திருந்தால் மனிதர்கள் பட்டுத் திருந்துவார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். மனிதர்கள் அவ்வளவு சுலபமாகத் திருந்த மாட்டார்கள். கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். பஞ்சு ஸ்டோரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், அது நல்ல காரியம். சிலிண்டர்கள் புதிதாக வந்தன. குமாரியும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். குரல் மட்டும் கரகரவென்று அப்படியே நின்றுவிட்டது. வேறு வேலை கிடைக்கவில்லை, திரும்ப அங்கேயே சேர்ந்தாள். மேலே புதுக் கிரில், அதில் பழையதைவிடப் பெரிய பூட்டு.

நான் முதலாளியிடம் போய்க் கத்தினேன். "இப்ப சாவி ரெண்டு செட் இருக்கு மேடம்," என்றார். போம்பாவுக்குச் சொன்னேன். அவர்கள் வந்து பார்க்கும்போது பூட்டு இருக்காது. அவர்கள் வண்டி முனை திரும்பியதும் பூட்டு வந்துவிடும். முருகையா என்னைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளைங்க லா அக்கா, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். நேற்று ஒன்று ஆனதற்கு இன்னும் பதில் சொல்லாதவர் கேட்ட கேள்வி இது. பூட்டு திறந்திருக்கும் இரவுகளிலும் குமாரி தூங்காமல் கிரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று ராணி என்னிடம் சொன்னாள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. எனக்கு அழைப்பு இருந்தது, நான் போகவில்லை. கோபம்தான். சில நாள் கழித்துச் சிலிண்டர் பார்க்கப் போனேன். சிலிண்டர் எல்லாம் கொக்கியில் இருந்தது, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பொட்டு. இந்த வருஷம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகப் போய்ப் பூஜை செய்தாராம் முருகையா. என்னிடம் அதைச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றார். ஒரு சிலிண்டரில் பொட்டு மீட்டர் கண்ணாடியின் மேலேயே இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, பரவாயில்லை முருகையா என்றேன். என்னிடம் அவர் வாங்கிய முதல் நல்ல வார்த்தை அது. ஆனால் அவர் கவனம் அதில் இல்லை. குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"கிரில் பூட்டுக்கா. பிள்ளைங்களே கொண்டாந்து பூஜையில வச்சாங்க. மாலையெல்லாம் போட்டு, பக்தியா. மறுநாள் பாத்தா காணோம்."

நான் பின்பக்கம் போய் இரும்புப் படியில் ஏறினேன். கிரில் திறந்து கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், ராணியும் குமாரியும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூட்டு எங்கே என்று கேட்டேன். ராணி தட்டைப் பார்த்துச் சிரித்தாள். குமாரி மட்டும் என்னைப் பார்த்து, அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்.

"பூஜ போட்ட சாமானைக் கண்ட எடத்துல போடக் கூடாதுன்னு அண்ணன்தானேக்கா சொல்வாரு. பூவையெல்லாம் ஆத்துல விடப் போனோம். அதோட சேத்து விட்டுட்டோம்."

"பூ கரையும். பூட்டு கரையாதேம்மா."

"அதான் பாலத்து நடுவுல போய்ப் போட்டோம்."

"முதலாளி புதுசு வாங்குவாரே."

குமாரி சோற்றைப் பிசைந்தாள்.

"வாங்கட்டும்க்கா. ஆறு பெருசு."